தை அமாவாசைக்கு வாடகை டிரெய்லர்: வாடைக்காற்றில் தாங்குமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் மார்கழி, தை மாதங்களில் டிரெய்லர் கேரவன், அதாவது ஜீப்பில் இழுத்துவரும் சக்கர வீடு, எடுத்துத் தாராளமாகத் தங்கலாம், வயதானவர்களையும் கூட்டிப்போகலாம். ஆனால் வண்டிக்காரர்கள் "ஹீட்டர் இருக்கு சார்" என்று சொல்வதை நம்பி மட்டும் எடுக்காதீர்கள். வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறீர்கள், உள்ளே எவ்வளவு ஈரத்தைச் சேர விடுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் ராத்திரி கதகதப்பாகப் போகுமா, நடுங்கிக்கொண்டு போகுமா என்பது இருக்கிறது. ஹீட்டருக்கு இதில் பங்கு ரொம்பக் குறைவு.

கொடைக்கானல், ஊட்டி போய்வந்தவர்கள் இங்கே என்ன குளிர் இருக்கப்போகிறது என்று கேட்பார்கள். தெர்மாமீட்டரைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாதுதான். பாம்பன், மண்டபம் பக்கம் தை மாத இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் வாடை என்று ஒன்று இருக்கிறதே, வடகிழக்கில் இருந்து பாக் நீரிணை முழுக்கத் தண்ணீர்மேலேயே வந்து, ஈரத்தைச் சுமந்துகொண்டு இரவெல்லாம் ஓயாமல் அடிக்கிற காற்று, அது மேலே பட்டால் 23 டிகிரியே போதும், மூட்டுவலிக்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். என் அம்மாவுக்கு இளைப்பு உண்டு. அமாவாசைக்கு ராமேசுவரத்தில் தீர்த்தமாடியே ஆக வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தார், அந்த நாட்களில் தீவுக்குள் லாட்ஜ் கிடைப்பது எவ்வளவு பாடு என்பது போனவர்களுக்குத் தெரியும், அப்படித்தான் இந்த டிரெய்லர் யோசனைக்கு வந்தோம். நான், மனைவி, மகள், அம்மா, நான்கு பேர்.

வண்டி மதுரைப் பக்கம் வாடகைக்கு விடுகிறவர்களிடம் எடுத்தது. பெயர் வேண்டாம், நல்லதும் கெட்டதும் இரண்டும் சொல்லப்போகிறேன். ஒற்றை அச்சு, ஏறக்குறைய பதினாறு அடி நீளம், சுவரும் கூரையும் பஃப் பேனல் (சூடு கடத்தாத நுரை வைத்த பலகை), மேலே ஃபைபர் தகடு. அவர்களே ஜீப்பில் இழுத்து வந்து, நாம் சொல்லும் இடத்தில் நிறுத்தி, நான்கு மூலையிலும் ஜாக்கி இறக்கி, சமமட்டம் பார்த்து, மின்சாரம் தண்ணீர் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். திரும்ப எடுக்கவும் அவர்களே வருவார்கள். அந்த வேலையில் குறையே சொல்ல முடியாது, மணலில் ஜாக்கி புதையாமல் இருக்கப் பலகை வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் தங்கியது அரியமான் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பு. கடல் ஒரு கூப்பிடு தூரம்.

இனி நிறுத்திய கதை. வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் நிறுத்தினால் கடல் தெரிவதும் வடக்கே, வாடை அடிப்பதும் வடக்கே. வண்டியோடு வந்த டிரைவர் வழக்கப்படி வாசல் கடலைப் பார்க்க நிறுத்தினார், எல்லா வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்பார்களாம். காலையில் கதவைத் திறந்தால் கடல், படம் எடுக்க அழகாக இருக்கும், அதெல்லாம் சரி. ஆனால் கதவு, பெரிய ஜன்னல், சமையலறை வென்ட் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது, ஆக வண்டியில் எங்கெல்லாம் ஓட்டை உண்டோ அத்தனையும் காற்றுக்கு நேராக நிற்கும். தோப்புக்கு அடுத்த வாடியில், அதாவது மீனவர் குடிசையில், வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "தம்பி, வாடையில யாராச்சும் வாசலை வடக்க வைப்பாகளா? மூக்கை அங்கிட்டுத் திருப்பச் சொல்லுங்க" என்றார். அவருடைய வாடியைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடுகிறது: வடக்குப் பக்கம் கூரை தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருக்கிறது, அதற்கும் வெளியே ஓலைத் தட்டி ஒன்று சாய்த்துக் கட்டியிருக்கிறது, ஆள் நுழைகிற வழி தெற்கே. டிரைவர் முணுமுணுக்காமல் மறுபடி ஜீப்பை மாட்டித் திருப்பிக் கொடுத்தார். வண்டியின் இழுவைப் பக்கம், அதாவது குறுகலான முன்பக்கம், வடகிழக்கைப் பார்த்தும், வாசல் தென்கிழக்கைப் பார்த்தும் நின்றது. காற்று வண்டியின் அகலத்தில் மோதாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போய்விட்டது. ஆட்டமும் குறைந்தது, கதவிடுக்கில் வந்த விசில் சத்தமும் போயே போய்விட்டது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நமக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல் இருக்கிறது. வாடைக் காலத்தில் வடகடல் கலங்கிக் கிடக்கும்போது மன்னார் வளைகுடா பக்கம் தண்ணீர் தொட்டிபோல அடங்கி இருக்கும், காற்றுக்கும் அதற்கும் நடுவில் நிலம் இருப்பதால். ஆக மார்கழி, தையில் கடலும் தெரிய வேண்டும், கதகதப்பும் வேண்டும் என்றால் சேதுக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம் தெற்குப் பக்கம் இடம் பாருங்கள். அங்கே வாசல் கடலைப் பார்த்தே இருக்கலாம், வாடை முதுகுப்பக்கம்தான் மோதும். சேதுக்கரையில் அமாவாசைத் தர்ப்பணமும் கொடுக்கலாம். ஆனி, ஆடியில் எல்லாம் தலைகீழ், அப்போது தென்கடல்தான் கொந்தளிக்கும். அடுத்த தடவை நாங்கள் தெற்கேதான்.

அடுத்தது சுவர் வியர்ப்பது. இதைத்தான் எந்த வண்டிக்காரரும் சொல்வதில்லை. நான்கு பேர் கதவு, ஜன்னல், கூரையில் இருக்கிற காற்றுத் திறப்பின் மூடி எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துக்கொண்டு படுத்தால் உள்ளே சீக்கிரமே கதகதப்பாகிவிடும், மனித உடம்பே ஹீட்டர்தான். ஆனால் ஒரு ஆள் ஒரு இரவில் மூச்சிலும் தோலிலும் விடுகிற ஈரம் கால் லிட்டரில் இருந்து அரை லிட்டர் வரை இருக்கும். நான்கு பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிக்காற்றே ஏற்கெனவே ஈரத்தில் ஊறிப்போனது, இதையும் சேர்த்தால் எங்கே போகும்? வாடை அடித்து ஆறிப்போன இடத்தில் போய்ப் படியும். பஃப் பேனல் சுவர் பரவாயில்லை, கைவைத்துப் பார்த்தால் காய்ந்தே இருந்தது. ஜன்னல்தான் மோசம். இரட்டைத் தகடு போட்ட அக்ரிலிக் ஜன்னல் என்று விளம்பரத்தில் இருந்தது, வந்த வண்டியில் வீட்டு ஜன்னல் மாதிரி ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். விடிகாலை மூன்று மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் முதலில் பனி மூட்டம், அப்புறம் பொட்டுப் பொட்டாகச் சேர்ந்து ஒரு கோடாக இறங்கி, கீழே ஜன்னல் ஓடுகிற பள்ளத்தில் தேங்குகிறது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் வெளியே போகச் சின்னத் துளை ஒன்று இருக்கிறது, அதில் மணலும் உப்பும் சேர்ந்து கெட்டியாகிப் போயிருந்தது. தண்ணீர் நிரம்பி உள்பக்கம் வழிந்து அம்மாவின் தலையணை ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. மனைவி கொண்டை ஊசியை விட்டுக் குத்தியதும் சொடசொடவென்று வெளியே இறங்கிவிட்டது. நீங்கள் எந்த வண்டி எடுத்தாலும் போன உடனே எல்லா ஜன்னலிலும் அந்தத் துளையைப் பார்த்துவிடுங்கள்.

அதற்கு வழி என்ன என்றால், கொஞ்சம் திறந்து வைப்பது. குளிருக்காக மூடினோம், குளிருக்காகவே திறக்க வேண்டியிருக்கிறது. கூரை மூடியை இரண்டு விரல் அளவு தூக்கி, காற்று படாத தெற்குப் பக்க ஜன்னலை அதே அளவு ஒதுக்கிவைத்தால் ஈரக்காற்று மேல்வழியாக வெளியேறிவிடுகிறது. கையில் ஒரு சின்ன வெப்ப, ஈரப்பத மீட்டர் வைத்திருந்தேன். எல்லாம் மூடியிருந்தபோது உள்ளே 26 டிகிரி, ஈரப்பதம் 90ஐத் தாண்டி. திறந்துவைத்த இரவில் ஒரு டிகிரிதான் குறைந்தது, ஈரப்பதம் 80 பக்கம் வந்துவிட்டது. அந்த ஒரு டிகிரியை ஒரு போர்வை ஈடுகட்டும், நமத்துப்போன மெத்தையை எந்தப் போர்வையாலும் ஈடுகட்ட முடியாது. அம்மாவின் இருமல் அன்றைக்கு ராத்திரி அடங்கியது, எனக்கு அது போதும்.

மெத்தையும் அப்படித்தான். ப்ளைவுட் பலகைமேல் நேராகப் போட்டிருக்கிறார்கள், அடியில் காற்றோட்டமே இல்லை. காலையில் தூக்கிப் பார்த்தால் பலகை ஈரமாக இருக்கும், பழைய பூஞ்சைக் கறையும் தெரிந்தது. அடியில் ஒரு கோரைப்பாய் விரித்தோம், அது நடுவில் இடைவெளி கொடுத்துவிடுகிறது. பகலில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிடுங்கள்.

இப்போது ஹீட்டருக்கு வருகிறேன். கொடுத்தது 2000 வாட் ஃபேன் ஹீட்டர். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். குளியலறையில் இருப்பது 3000 வாட் இன்ஸ்டன்ட் கீஸர், அது 13 ஆம்பியர். வண்டியின் மெயின் 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அதிகமானால் தானாக விழுகிற சுவிட்ச்). இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, கொஞ்ச நேரத்தில் டப்பென்று விழும். விழுந்தால் நல்லது என்றே சொல்வேன், விழாமல் ஒயர் சூடானால்தான் ஆபத்து. தோப்பு வீட்டில் இருந்து வண்டிவரை வந்த எக்ஸ்டென்ஷன் ஒயரை அவர்கள் சுருளாகச் சுற்றியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், தொட்டால் சுட்டது. சுருளை முழுவதும் பிரித்து நீளமாகப் போட வேண்டும், பிளக்கை மணலில் கிடக்க விடாமல் ஒரு செங்கல்மேல் தூக்கி வைத்து மழைக்கு மூட வேண்டும். அப்புறம் இன்னொன்று, தோப்பில் தங்குகிறவர்கள் பம்புசெட் லைனில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அது விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுத்த இணைப்பு, வேறு எதற்கும் எடுக்கக்கூடாது, மாட்டினால் தோட்டக்காரர்தான் அபராதம் கட்ட வேண்டிவரும். வீட்டு இணைப்பில் இருந்து எடுத்து, ஆன யூனிட்டுக்கு நாமே காசு கொடுத்துவிடுவது மரியாதை.

சரி, ஹீட்டர் சூடு தருகிறதா? தருகிறது, போட்டிருக்கிறவரை. சூடான காற்று மேலே போய்க் கூரையில் நிற்கும், படுத்திருக்கிறவர் கால் சில்லென்றுதான் இருக்கும். அணைத்துப் பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும், ஏனென்றால் சூடானது காற்று மட்டும், தரையும் பலகையும் அப்படியேதான் இருக்கிறது. அதோடு அந்த வறண்ட காற்று முகத்தில் அடித்ததில் அம்மாவுக்குத் தொண்டை காய்ந்துபோய் இழுப்பு வந்தது. முதல் இரவே அதைத் தூக்கிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டோம். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் என்று டிரைவர் சொன்னார். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி, ஈய அமில வகை, பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரி கெட்டுவிடும். ஆகக் கையில் இருப்பது ஒரு யூனிட்டுக்கும் குறைவு, இந்த ஹீட்டருக்கு அரை மணி நேரம்கூட வராது. அதே மின்சாரத்தில் ஒரு மின்கம்பளி இரவு முழுக்க ஓடும், ஒரு ஆள் படுக்கிற அளவு என்றால் பொதுவாக 60 முதல் 100 வாட்தான் எடுக்கும். நாங்கள் சொந்தமாகக் கொண்டுபோயிருந்தோம். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுவிட்டு, அம்மா படுத்ததும் அணைத்துவிடுவோம். படுக்கை சூடாவது ஒரு பக்கம், அதைவிட முக்கியம் படுக்கையில் இருக்கிற நமநமப்பு போய்விடுகிறது. முழங்காலுக்கு வெந்நீர்ப் பை. இது இரண்டும் கையில் இருந்தால் இந்தக் கடற்கரைக்கு வேறு ஹீட்டரே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. வண்டியின் ஏ.சி.யில் ஹாட் அண்ட் கோல்ட் வசதி இருந்தால் அது இன்னும் உத்தமம், ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று பங்கு வெப்பம் கொடுக்கும். எங்கள் வண்டியில் இருந்தது வெறும் கூலிங் மட்டும்.

உண்மையான சோதனை அமாவாசை அன்று காலையில்தான். அக்னி தீர்த்தத்தில் முங்கி, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் கிணறு கிணறாக வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தலையில் இருந்து கால்வரை சொட்டச் சொட்ட நடப்பது. நனைந்த துணியோடு வாடையில் நின்றால்தான் இந்த ஊர்க் குளிர் என்னவென்று தெரியும். துணியில் உள்ள தண்ணீர் காயும்போது உடம்பின் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது, சேலை என்றால் கேட்கவே வேண்டாம். கோயிலிலேயே மாற்றுத் துணி கட்டிவிட்டாலும் அம்மாவின் கூந்தல் ஈரம், கை விரல்கள் விறைத்துப்போய் ரவிக்கைக் கொக்கியைக்கூடப் போட முடியவில்லை. வண்டிக்கு வந்து சேர்ந்ததும் கதவைச் சாத்தி, காயவைத்த மெத்தையில் உட்காரவைத்து, காலுக்கு வெந்நீர்ப் பை, குரங்குக் குல்லா, கையில் கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காப்பி. கால் மணி நேரத்தில் "இப்ப நல்லா இருக்குப்பா" என்றார். இந்த விமர்சனத்தை எழுதத் தூண்டியதே அந்தக் கால் மணி நேரம்தான். டிரெய்லர் தன் வேலையைச் சரியாகச் செய்தது, பஃப் பேனல் உள்ளே இருந்த சூட்டை அப்படியே வைத்திருந்தது.

ஆனால் நனைந்த துணிகளை உள்ளே கொண்டுவராதீர்கள். நான்கு பேர் சேலை, வேட்டி, துண்டு எல்லாம் சேர்ந்தால் பிழிந்த பிறகும் அதில் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கும். குளியலறைக்குள் தொங்கவிட்டாலும் அது ஆவியாகி மெத்தைக்குத்தான் வரும். வெளியே தென்னைக்குத் தென்னை கொடி கட்டி அங்கேயே போட்டுவிட வேண்டும், வாடையில் அதுபாட்டுக்குக் காய்ந்துவிடும், உப்பு வாசனை மட்டும் இருக்கும்.

தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரெய்லர் சக்கரத்தில் நிற்பதால் அடியில் காற்று தாராளமாகப் போய்வருகிறது, தரைப் பலகை மெல்லியது, பஃப் பேனல் சுவரோடும் கூரையோடும் நின்றுவிட்டது. வெறுங்காலில் நடந்தால் தெரியும். என் மச்சான் கனடாவில் கல்கரியில் இருக்கிறார், சொந்தமாக டிரெய்லர் வைத்துப் பனிக்காலத்திலும் போகிறவர். அவரிடம் கேட்டபோது முதலில் சொன்னது இதுதான்: வண்டியைச் சுற்றிக் கீழே பாவாடை மாதிரி மறைப்புக் கட்டு. அங்கே அதைக் கட்டாவிட்டால் அடியில் போகிற தண்ணீர்க் குழாயும் கழிவுத் தொட்டியும் உறைந்து வெடித்துவிடும். இங்கே உறைகிற பேச்சே இல்லை, ஆனால் மறைப்பு இங்கேயும் பலன் கொடுக்கிறது. நாங்கள் வடக்கு, கிழக்கு இரண்டு பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டி, அடி ஓரத்தில் மணல் மூட்டை வைத்தோம். தெற்கும் மேற்கும் திறந்தே இருக்கட்டும், முழுக்க மூடினால் அடியில் ஈரம் தங்கித் தகடு துருப்பிடிக்கும், உப்புக்காற்றுக்குச் சொல்லித்தர வேண்டுமா. உள்ளே ரப்பர் விரிப்பு, அதன்மேல் ஜமுக்காளம். மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள், அதுவே சான்று.

மச்சான் சொன்ன மற்றவை அந்த ஊருக்குத்தான் பொருந்தும். அவர்கள் வண்டியில் புரொபேன் கேஸில் ஓடுகிற ஃபர்னஸ் இருக்கும், எரிகிற இடம் தனியாக அடைத்திருக்கும், புகை வெளியே போய்விடும், சூடான காற்று மட்டும் உள்ளே வரும். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொபேன் மைனஸ் 42 வரை தாங்கும், அதனால் அங்கே சுத்தமான புரொபேன்தான். நம் வீட்டு சிலிண்டர் இரண்டும் கலந்தது, நம் தட்பவெப்பத்துக்கு அது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் சமையல் அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்க நினைக்காதீர்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும், அத்தனையும் உங்கள் ஜன்னலில் இறங்கும். அது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை கார்பன் மோனாக்சைடு.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமே கிடையாது, மீன் சுட்ட கங்கு சட்டியில் மிச்சம் இருக்கும், குளிருகிறதே என்று அதை உள்ளே எடுத்துவைக்க யாருக்கும் தோன்றும். வேண்டவே வேண்டாம். புகை வராத கங்குதான் அதிக ஆபத்து, அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். 2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்ற மலையூரில் விடுதி அறையில் கேஸ் ஹீட்டர் போட்டு மூடிக்கொண்டு தூங்கிய கேரளத்தவர் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, இறந்துபோனார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரைக்கு அருகே நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள், ஜெனரேட்டர் புகை உள்ளே வந்ததுதான் காரணம். ஜெனரேட்டர் வேண்டும் என்றால் வண்டியை விட்டுத் தள்ளி, காற்று போகிற பக்கம் வையுங்கள், வாடைக்காலத்தில் என்றால் வண்டிக்குத் தென்மேற்கே. தூங்கும்போது அணைத்துவிடுங்கள். எங்களுக்கு வந்த வண்டியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை, கேட்டதற்கு "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை சார்" என்று பதில் வந்தது. உள்ளே சிலிண்டரும் அடுப்பும் வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள் இதை வைத்தே ஆக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

மற்ற குறைகள்: கதவு பீடிங் ரப்பர் கீழ் மூலையில் கிழிந்து விரல் நுழைகிற சந்து இருந்தது, அங்கே ஒரு பழைய துண்டைச் செருகிச் சமாளித்தோம். கம்பளி என்று கொடுத்தது மெல்லிய பாலியஸ்டர். கழிப்பறை சுத்தம், தண்ணீர்த் தொட்டி போதும், விளக்கு நன்றாக இருந்தது, அடுப்பு பர்னர் துரு. கொசுவலை எல்லா ஜன்னலிலும் ஒழுங்காக இருந்தது, வாடை அடிக்கும்வரை கொசு வராது, காற்று ஓய்ந்த இரவில் வலை இல்லாமல் முடியாது. போன் செய்தால் உடனே எடுத்துப் பேசினார்கள், குறைகளைக் கேட்டுக்கொண்டார்கள், பீடிங் மாற்றிவிட்டோம் என்று பிறகு படமும் அனுப்பினார்கள். வாடகை ஒரு இரவுக்கு 7,500 ரூபாய், இழுத்துவர, திரும்ப எடுக்கத் தனி. அமாவாசை நேரத்தில் நான்கு பேருக்கு அறை தேடுவதை ஒப்பிட்டால் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் அலாரமும் வந்துவிட்டால் நாலரை.

எடுக்கப்போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். தனுஷ்கோடியில் நிறுத்தித் தங்கலாம் என்று கனவு காணாதீர்கள், இருட்டுவதற்குள் அங்கிருந்து எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லைக் கடற்கரை என்பதால் இரவு ரோந்து வரும், தங்குகிற இடத்துக்கு உரிய காவல் நிலையத்தில் முன்னாலேயே சொல்லி ஆதார் நகல் கொடுத்துவிட்டால் நடுராத்திரி கதவு தட்ட மாட்டார்கள். தோப்புக்குள் வரும் வழியில் கருவை முள் கிடக்கும், டிரெய்லருக்கு ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேளுங்கள், ஜீப்பின் ஸ்டெப்னி அதற்குச் சேராது. ஐப்பசி, கார்த்திகையில் எடுக்கவே வேண்டாம் என்பேன். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியதை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், அந்த மாதிரி மழையில் தாழ்வான தோப்பில் ஒற்றை அச்சு வண்டி நிற்பது நல்லதில்லை. மார்கழி பாதிக்கு மேல் மழை ஓயும், தை முழுக்க நல்ல நாட்கள்.

அப்புறம் வாசலுக்குமேல் விரிக்கிற ஆனிங் துணி. பகலில் நிழலுக்கு விரித்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் காற்று ஏறுவதற்குள் சுருட்டிக் கொக்கி மாட்டிவிட வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவந்தார்கள், இந்தத் துணியும் இரண்டு அலுமினியக் கம்பியும் எம்மாத்திரம். முன்பணத்தில் பெரும்பகுதியை அவர்கள் பிடித்து வைத்திருப்பதே இந்த ஆனிங்குக்காகத்தான், அதனால் வண்டி வந்ததும் அதை விரித்து, கிழிசல், வளைவு ஏதாவது இருந்தால் டிரைவர் கிளம்புவதற்கு முன்பே அவர் எதிரில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.